அணிலுக்கு வைத்த கடலை

டத்தோ கிராமாட் குடியிருப்பில் அந்த வரிசை வீடுகளில் ஜெகதீஸ்வரியின் வாயை வென்றவர் யாரும் இல்லை. அப்பேர்ப்பட்ட வாய், போன செவ்வாய்க்கிழமை ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குமேல் திறக்க மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது.

எல்லாம் குருவிகளால் வந்த வினை. மாக் மண்டின் வட்டாரத்துத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கொல்லையில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு தீனித்தட்டைத் தொங்கவிட்டாள். தினையைக் கொத்தச் சிட்டுக்குருவிகள் வந்தன, கொண்டைக்குருவிகள் வந்தன. கூடவே அழையா விருந்தாளிகளாக இரண்டு அணில்கள். தின்றதோடு போனாலும் பரவாயில்லை, தட்டையே கவிழ்த்துவிட்டுப் போயின, படுபாவிகள்!

"அதுங்களுக்குத் தனியா, தூரமா வச்சிருங்க லா. இந்தப் பக்கமே வராது" என்றார் தீனி விற்கும் யூசுப்.

தூரத்துக்கு எங்கே போவது? கொல்லையே பத்தடி. ஆகத் தூரமான இடம், பக்கத்து வீட்டு ரொஸ்னாவின் மாமரம் சாய்ந்திருந்த மதில்தான். தினமும் நாலு மணிக்கு அந்த மதில்மேல் கடலையைக் கொட்டி, பிஸ்கட் டின்னை மூன்று முறை தட்டுவாள். அணில்கள் ஓடி வந்துவிடும். குருவிகள் நிம்மதியாகத் தின்றன. இரண்டு அணில் ஏழாயிற்று. கடலை தின்ற வாய் மாங்காயும் கேட்டது.

அந்த மரம் ரொஸ்னாவின் புருஷன் காஜா மொய்தீன் சாவதற்கு முன் நட்டது. பதினோரு வருஷமாக முதல் கூடை ஜெகதீஸ்வரி வீட்டுக்குத்தான். இந்த வருஷம் மரத்தடி முழுக்கக் கடித்துப் போட்ட காய்கள்.

"எங்கேருந்துக்கா வருது இவ்வளவு அணிலு?" என்று செவ்வாய்க்கிழமை மதிலுக்கு மேல் எட்டிக் கேட்டாள் ரொஸ்னா.

'நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"ஒன் மரந்தான் இழுக்குது. என் குருவிக்கு வச்சதையும் விட மாட்டேங்குது" என்றாள் ஜெகதீஸ்வரி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ரொஸ்னாவின் முகம் வாடிவிட்டது. மறுநாள் அவளே வந்தாள். "சின்னையா அண்ணேகிட்ட சொல்லிட்டேன்க்கா. சனிக்கிழமை வந்து மரத்த வெட்டிருவாரு."

"வெட்டவா?"

"காயும் நமக்கில்ல, ஒங்களுக்கும் தொல்ல. எம் மவன் ஜாஹிரோட அத்தா இருந்திருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாரு."

ஜெகதீஸ்வரி "சரி" என்றாள். சரியாம், சரி! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அப்படியும் நாலு மணியானால் கை டின்னைத் தேடியது. கடலையை நிறுத்தினால் அணில்கள் குருவித்தட்டுக்கு வந்துவிடுமே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை சின்னையாவின் மெஷின் உறுமியது. மதில் பக்கத்துப் பெரிய கிளை காயும் பிஞ்சுமாக மொத்தென்று விழுந்தது. அவர் ஏணியை நடுமரத்துக்கு நகர்த்தும்போது ஜெகதீஸ்வரி டின்னோடு ஓடி வந்தாள்.

"நிறுத்துங்கண்ணே!"

மெஷின் நின்றது. ரொஸ்னா திரும்பிப் பார்த்தாள். ஊரையே வாயால் ஓட்டியவள் டின்னை மூன்று முறை தட்டினாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கூரையோரம் ஒரு அணில் எட்டிப் பார்த்தது. மதில்மேல் ஓடி வந்து, அவள் கைக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டது. பின்னாலேயே இன்னும் மூன்று.

"நான்தான் ரொஸ்னா. நான்தான் தீனி போட்டு வளத்தேன். மரத்து மேல பழியப் போட்டுட்டேன்."

ரொஸ்னா அணில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெனம் இந்தச் சத்தம் கேக்கும். அக்கா குருவியக் கூப்புடுறாங்கன்னு ஜாஹிர்கிட்ட சொல்லுவேன்" என்றாள்.

சின்னையாவைப் பார்த்து, "போதும்ணே, விட்டுருங்க" என்றாள். பிறகு குனிந்து, விழுந்த கிளையிலிருந்து நல்ல காய்களாகப் பறித்து ஒரு கூடையில் போட்டாள். கூடையை மதில்மேல் வைத்தாள்.

"இந்த வருஷத்துது. ஊறுகாய்க்கு ஆகும், எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள் ஜெகதீஸ்வரி. பதினோரு வருஷமாகச் சிரித்துச் சிரித்து வாங்கிய கை, இன்று அந்தக் கூடைக்கு நீளவில்லை.