காலிங்பெல்லுக்குப் போட்ட பேட்டரி

டிவிக்குப் பக்கத்திலிருந்த கேம் பெட்டியின் ப்ளக்கைப் பிடித்து ஆட்டத் தொடங்கியிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், "அக்கா, அதை மட்டும் பிடுங்காதீங்க" என்றது.

திரும்பிப் பார்த்தாள். தம்பியின் சிநேகிதன். கூரியர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், அதனால் எல்லோரும் கூப்பிடுவது பார்சல் என்றுதான். நாற்பது தாண்டிய ஆள், சட்டையில் கார்ட்டூன் பூதம் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சாவு வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வர வேறு சட்டை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"ஏன், பிடுங்கினா என்ன? உன் சிநேகிதன் எழுந்து வந்து சண்டை போடுவானா?"

"இல்லக்கா. ஆட்டம் பாதியில நிக்குது. அந்த லைட்டு விட்டுவிட்டு எரியுது பாருங்க. சேவ் பண்ணாம கரண்டை எடுத்தா எல்லாம் போயிடும்."

"எல்லாம்தான் போயிடுச்சே."

பார்சல் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அந்தக் கறுப்புப் பெட்டியின் பக்கத்திலிருந்து நகரவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து இந்தக் கூடத்தில் வைக்க வேண்டும். கூடத்தில் இருப்பதே இரண்டு ப்ளக் பாயிண்ட். ஒன்று டிவிக்கு, இன்னொன்று இந்தச் சனியனுக்கு. வாக்குவாதம் பண்ண அவளுக்குத் தெம்பில்லை. டிவியின் ப்ளக்கைப் பிடுங்கி டேபிள் ஃபேனை மாட்டினாள். டிவியின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தினாள்.

"போதுமா? பத்திரமா காவல் காத்துக்கிட்டு உட்காரு" என்றாள்.

அவன் நிஜமாகவே உட்கார்ந்துகொண்டான். மக்கு என்று நினைத்தாள். இந்தக் கூட்டமே அப்படித்தான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அக்காளுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு கல்யாணம் நடந்து, ஆளுக்கொரு விதமாக முடிந்து, கடைசியில் ஒரே வீட்டில் வந்து சேர்ந்தார்கள். அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பகலெல்லாம் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்குகிற ஜனங்களின் பக்கத்தில், வலது காலைத் தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவன். சோபாவில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு, டிவிக்குள் இருக்கிற ஒரு பொம்மையைத் தீவு தீவாக நடத்திக்கொண்டிருப்பான். அந்தப் பொம்மை போகிற இடமெல்லாம் அணைந்துபோன கலங்கரை விளக்கங்களை ஏற்றுமாம். அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

முதல் பாகம் வந்தது, இரண்டாம் பாகம் வந்தது. மூன்றாம் பாகத்துக்குப் பதினோரு வருஷம் காத்திருந்தான். இந்த வருஷம் என்றான், அடுத்த வருஷம் என்றான், தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தான். "அவனுங்களுக்கு உன்னை மாதிரி இளிச்சவாயன் இருக்கிறவரைக்கும் தள்ளித்தான் போடுவானுங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போயிற்று. நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த வருஷம் ஒரு நாள் கேட்டான்: "அக்கா, அது வர்றதுக்குள்ள எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" அவள் சிரித்துவிட்டாள். இப்படி ஒரு பயத்துக்கு வேறு என்ன பண்ணுவது?

கடைசியில் வந்தது. பத்து நாள் முன்னால். லீவு போட்டான். முடிவை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்தான். இரண்டாவது நாளே மூஞ்சி தொங்கிப்போயிற்று. கடல் பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி இருந்தது. பொம்மையின் கால் பாறைக்குள் புதைந்து புதைந்து எழுந்தது. பழைய குரலை மாற்றிவிட்டார்களாம். "நல்லாயில்லேன்னா விட்டுத் தொலையேன்" என்றாள். "போகப் போக நல்லாயிடும்க்கா" என்றான். கெட்டுப்போன சாம்பாரைச் சூடுபண்ணிச் சாப்பிடுகிறவன் முகம்.

அப்புறம் நேற்று சாயங்காலம். சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "அக்கா" என்றான். அப்படியே சரிந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் ஆட்கள் அவனைக் கூடத்தின் வழியாகத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் கண் டிவியில் பட்டது. படம் அசையாமல் இருண்டு நின்றது. நடுவில் பெரிய எழுத்தில், ஆட்டம் நிறுத்தப்பட்டிருப்பதாகப் போட்டிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்த எழுத்துதான் கண்ணில் நின்றது. நெஞ்சு வலிக்கிறது. இவன் முதலில் என்ன செய்கிறான்? ஆட்டத்தை நிறுத்தி வைக்கிறான், பொம்மைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று. அப்புறம்தான் அக்கா ஞாபகம் வருகிறது. டாக்டரிடம், "கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா?" என்று கேட்டாள். அவர், சொல்ல முடியாதும்மா என்றார். அதை அவள் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் வீட்டுக்கு வந்து கூடத்தைப் பெருக்கினாள். காலில் ஏதோ உருண்டு, விழப் பார்த்தாள். பேட்டரி. இன்னொன்று செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்தது. சோபாவுக்கு அடியில் அவன் கையில் எப்போதும் வைத்திருக்கும் ரிமோட் ஒரு பக்கம், அதன் முதுகு மூடி ஒரு பக்கம். ஒரு பொருளையாவது இடத்தில் வைக்கிற வழக்கம் உண்டா? ரிமோட்டை அலமாரியில் விட்டெறிந்தாள். பேட்டரி இரண்டையும் சுவரிலிருந்த காலிங்பெல்லுக்குள் போட்டாள். நாலு மாதமாகச் செத்துக் கிடந்த பெல். பதினாலு மாடி லிஃப்டைப் பழுது பார்க்கிறவனுக்கு வீட்டுப் பெல்லுக்கு பேட்டரி வாங்கிப் போட நேரமில்லை.

அந்த பெல் குருவி மாதிரிக் கத்தும். அன்றைக்குக் காலையெல்லாம் துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவருக்காகவும் அது குஷியாகக் கத்தியது. கதவு திறந்துதான் கிடந்தது. இருந்தாலும் அழுத்திவிட்டுத்தான் வந்தார்கள்.

உடல் வந்தது. சித்தப்பா தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். "நெஞ்சு வலிக்குதாம். எழுந்திருக்கலையாம். முதல்ல கேமை நிறுத்தி வெச்சானாம். அப்புறம் சாவகாசமா அக்காவைக் கூப்பிட்டானாம்." கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தர் சிரிப்பு வந்து இருமுவது போல் சமாளித்தார். காலையில் சித்தப்பாவிடம் இதைச் சொன்னதே அவள்தான். சாவகாசம் மட்டும் அவர் சொந்தச் சரக்கு. அவர் எங்கேயாவது விட்டுவிட்டால் அவளே எடுத்துக்கொடுத்தாள். கோபம் இருக்கிறவரை அழுகை வராது. இருக்கட்டும்.

அவனுடைய கூட்டாளிகள் நாலு பேர் வந்து மூலையில் நின்று குசுகுசுத்தார்கள். துக்கம்தான் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் போனால், மூன்றாம் பாகத்தைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டார்கள் என்று ஒருத்தன் கண்கலங்கிக்கொண்டிருந்தான். எதற்குக் கண்ணீர் விடுகிறான் பார். வழுக்கை விழுந்த பிள்ளைகள்.

மயானத்துக்குப் போகிற வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். பின்னால் தம்பி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. டிரைவர் இரண்டு தடவை அதைப் பார்த்தார். "மெதுவாத்தாம்மா போறேன்" என்றார்.

திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சித்தப்பா எல்லோருக்கும் சாப்பாடு வாங்கி வரக் கடைக்குப் போனார். மற்றவர்கள் கலைந்தார்கள். பார்சல் மட்டும் மறுபடியும் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததாகத் தெரியவில்லை.

"இதை எடுத்துக்கிட்டுப் போயிடு. பெட்டி, ஒயரு, பொம்மை எல்லாத்தையும். என் கண்ணுல படக் கூடாது."

"சேவ் பண்ணிட்டு எடுத்துக்கறேன்க்கா. அவன் நின்ன இடம் போயிடக் கூடாதுன்னுதான்."

"அவன் கடைசியா நின்ன இடம் அதோ, அந்தச் சமையலறை வாசப்படி" என்றாள். ஆனாலும் ஃபேன் ப்ளக்கைப் பிடுங்கி டிவியை மாட்டினாள். சீக்கிரம் தொலையட்டும்.

பெட்ஷீட்டை எடுத்ததும் படம் வந்தது. அதே இருட்டு, அதே எழுத்து. பொம்மை விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் தலைக்கு மேல் ஒரு பெரிய அலை எழும்பி நின்றது.

"பாத்துக்கோ உன் சிநேகிதனோட லட்சணத்தை" என்றாள். "இதை நிறுத்தி வெச்சுட்டுத்தான் என்னைக் கூப்பிட வந்தான்."

பார்சல் டிவிக்குக் கிட்டே போனான். கொஞ்ச நேரம் பார்த்தான். "இது அவன் நிறுத்தினது இல்லக்கா."

"எழுதியிருக்கு, படிக்கத் தெரியாதா?"

"அவன் நிறுத்தியிருந்தா மேப் வரும்க்கா, பை வரும், என்னென்ன வெச்சிருக்கான்னு வரும். இதுல ஒண்ணுமே இல்ல. கீழ பாருங்க, பொடி எழுத்துல. கன்ட்ரோலர் தொடர்பு அறுந்துபோச்சு, திரும்ப இணைங்கன்னு போட்டிருக்கு. கன்ட்ரோலர்ல பேட்டரி இல்லேன்னா ஆட்டம் தானா நின்னுக்கும்."

"பேட்டரி தீர்ந்திருக்கும்."

"புதுசுக்கா. முந்தாநாள் நான்தான் வாங்கிட்டு வந்தேன்." சுற்றுமுற்றும் பார்த்தான். "கன்ட்ரோலர் எங்க?"

காலையில் விட்டெறிந்த ரிமோட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பினான். முதுகு காலியாக இருந்தது. மூடியின் ஒரு கொக்கி உடைந்திருந்தது.

"கீழ போட்டிருக்கான்க்கா. மூடி கழண்டு பேட்டரி தெறிச்சிருக்கு." டிவியைப் பார்த்தான். "அலை வர்ற நேரம். இங்க விட்டா இந்த விளக்குக்காரன் செத்துருவான், மூணு மணி நேர ஆட்டம் போச்சு. நிறுத்தறதுக்கு ஒரு பட்டன் போதும். அதைக்கூட அமுக்கலை. நானா இருந்தா அமுக்கியிருப்பேன்க்கா, சத்தியமா. கையில இருந்ததை அப்படியே போட்டுட்டு எழுந்து போயிருக்கான். எங்கதான் போனான்?"

அவள் கூடத்தின் குறுக்கே சமையலறை வாசலைப் பார்த்தாள். சோபாவிலிருந்து பத்தடிகூட இருக்காது. நேற்றிலிருந்து தூக்கிப் பிடித்திருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்கிட்டதான் வந்தான்" என்றாள்.

பார்சல் உடைந்த மூடியை மாட்டிப் பார்த்தான். "பேட்டரி வாங்கிட்டு வரட்டுமா?" என்றான்.

"வேண்டாம்." ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். காலிங்பெல்லைத் திறந்து பேட்டரி இரண்டையும் எடுத்தாள். இறங்கும்போது ஸ்டூல் ஆடியது. ஸ்டூலைத் திட்டினாள்.

அலையிலிருந்து பார்சல்தான் பொம்மையைத் தப்பிக்க வைத்தான். அப்புறம் அவள் கையை நீட்டினாள். "குடு."

"உங்களுக்குப் பழக்கமில்லையேக்கா."

"எத்தனை பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்திருக்கேன், தெரியுமா?"

பொம்மை நேராகப் போய்ப் பாறையில் முட்டியது. திருப்பினால் கடலுக்குள் இறங்கியது. வானத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தது. அவள் பிடித்த பிடியில் ரிமோட் கிரீச்சிட்டது. முதல் நாள் வண்டியில் ஏறுகிறவர்களை அவள் என்னவெல்லாம் சொல்லித் திட்டுவாளோ, அதில் ஒன்றையும் பார்சல் சொல்லவில்லை.

"கையை இறுக்காதீங்க. காலடியைப் பார்க்காதீங்கக்கா, தூரத்தைப் பாருங்க. அந்த விளக்கைப் பாருங்க."

தூரத்தைப் பார்த்தாள். கண் கலங்கி விளக்கு இரண்டாகத் தெரிந்தது. துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தால் பொம்மை எங்கேயாவது விழுந்துவிடும், அதனால் துடைக்கவில்லை. எப்படியோ இடித்துக்கொண்டும் புதைந்துகொண்டும் கலங்கரை விளக்கத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. விளக்கு எரிந்தது. சேமித்தாகிவிட்டது என்று எழுதிக் காட்டியது.

"அவ்வளவுதான்க்கா. இனி அணைச்சுடலாம்."

அவள் ரிமோட்டைத் தரவில்லை.

வாசலில் கதவை யாரோ தட்டினார்கள். போய்த் திறந்தாள். இரண்டு கையிலும் சாப்பாட்டுப் பையோடு சித்தப்பா. "எவ்வளவு நேரமா அழுத்தறேன், பெல் அடிக்கலையே. காலையில நல்லாத்தானே கத்துச்சு?" அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். "என்னம்மா இது, நீயுமா?"

"சித்தப்பா, அவன் கேமை நிறுத்தலை."

"என்னது?"

"நிறுத்தி வெச்சுட்டு வரலை. போட்டுட்டு வந்தான். நான் சொன்னது தப்பு. நீங்க யார் யார்கிட்ட சொன்னீங்களோ அத்தனை பேர்கிட்டயும் திரும்பச் சொல்லுங்க. சாவகாசமாங்கற வார்த்தையை எடுத்துட்டுச் சொல்லுங்க."

சித்தப்பா பார்சலைப் பார்த்தார். பார்சல் தன் சட்டையிலிருந்த பூதத்தைப் பார்த்துக்கொண்டான். "சரிம்மா, முதல்ல சாப்பிடு" என்று சொல்லிப் பைகளைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அவள் சோபாவில், குழிந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"முடிவு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. ரொம்ப மோசம். எல்லாரும் திட்டறாங்க. அந்த விளக்குக்காரன் கடைசில..."

"சொல்லாதே" என்றாள்.

பொம்மையைத் திருப்பினாள். விளக்குக்கு அப்பால் ஒரு மரப்பாலம் இருந்தது, கைப்பிடி இல்லாதது. பொம்மை தள்ளாடித் தள்ளாடி அதன் ஓரத்துக்குப் போயிற்று. சோபாவுக்குக் கீழே அவள் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.