கத்திச்செடி வரிசை

எங்கள் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தின் முன்பக்கம் பெயர் வெட்டிய கற்கள் நிற்கும். அமெரிக்காவில் அடிமைமுறை இருந்த தெற்குக் கரையிலிருந்து ஒஹையோ ஆற்றைக் கடந்து தப்பி வந்த அடிமைகளைத் தங்கள் வீட்டு நிலவறைகளில் ஒளித்துவைத்தவர்கள் அங்கே கிடக்கிறார்கள். தப்பி வந்தவர்கள் பின்பக்கம். அவர்களுக்குக் கல் கிடையாது. பெயரைப் பார்த்து, ஆள்பிடிப்பவன் சொந்தபந்தங்களைத் தேடி வந்துவிடக் கூடாதே. அதனால் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று கத்திபோல் கூரான இலை நீட்டும் கத்திச்செடியை நட்டுவைத்தார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது கோடை ஞாயிறுகளில் ஊரே இங்கே கூடும். பொரித்த கோழி, எலுமிச்சைச் சாறு, பின்னால் வெள்ளை வெள்ளையாகக் கத்திச்செடிப் பூ. "அந்தப் பக்கம் கத்தாதடி, டாமரோட குழந்தை தூங்குது" என்பாள் அம்மா. டாமர் எங்கள் வம்சத்தில் முதலில் ஆற்றைக் கடந்தவள். கரையேறிய வாரமே கைக்குழந்தையைப் பறிகொடுத்தாள். குழந்தை எந்த இடத்தில் இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியாது. 

செடிகளை வெட்டச் சொன்ன புண்ணியவதி நான்தான். தேவாலயச் செயலாளர் ஆன புதிதில், அதன் இலை என் காலுறையைக் கிழித்துவிட்டதென்று எரிச்சல். அன்றிலிருந்து நாற்பது வருடமாக என் சித்தப்பா மகன் ஓடெல் புல்வெட்டும் வண்டியை ஓட்டி அந்த இடத்தை மொட்டையாக வைத்திருந்தான்.

போன வருடம் சாலையை அகலப்படுத்த அளவெடுப்பவர் வந்தார்.

"பின்னாடி ஒரு கல்லுகூட இல்லையேம்மா. ரோடு இந்த வழியாத்தான் போகும்."

"கல்லு இருக்காது தம்பி. ஆளுங்க இருக்காங்க."

"அப்ப ஏதாவது அடையாளம் காட்டுங்க. ஜூன்ல திரும்ப வர்றேன்."

ஓடெலிடம் வண்டியைத் தொடாதே என்றேன்.

"புல்லு இடுப்பளவு வந்துரும்க்கா. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வெட்ட வெட்ட முளைக்குதுன்னு வருஷா வருஷம் அந்தச் செடியத் திட்டுவியே. இப்ப முளைக்குதான்னு பாப்போம்."

முளைத்தது. ஜூனில் புல்லுக்கு மேலே இரண்டிரண்டாகக் கத்தியிலைகள் நின்றன. சிலவற்றில் பூவும் இருந்தது. அளவெடுப்பவர் நாடாவை இழுத்தார். ஒவ்வொரு ஜோடியிலும் தலைமாட்டுச் செடிக்கும் கால்மாட்டுச் செடிக்கும் நடுவே ஆறடி. பதினான்கு ஜோடி எண்ணினார்.

"ரோட்ட அந்தப் பக்கம் தள்ளிதான் போடணும்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அப்போது மூலையிலிருந்து ஓடெல் கூப்பிட்டான். அவன் காலடியில் இன்னொரு ஜோடி. இரண்டுக்கும் நடுவே இரண்டரை அடிதான் இருந்தது.

ஓடெல் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். "இங்கதான்க்கா நான் எப்பவும் வண்டியத் திருப்புவேன்."

"வெட்டச் சொன்னது நான்தானேடா" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அளவெடுப்பவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு தயங்கித் தயங்கி, "வரைபடத்துல பேர் போடலாமா, இல்ல வேண்டாமா?" என்று கேட்டார்.

"டாமரோட குழந்தைன்னு போடுங்க தம்பி. இனிமே யாரும் பிடிக்க வர மாட்டாங்க."