இராசம்மாவின் ஊர்

குடிநுழைவு அலுவலகத்தில் குமாஸ்தாப் பெண் நவமணி பழைய கோப்பு ஒன்றைத் தேடி உள்ளே போயிருந்தாள். அந்த இடைவெளியில் சிங்காரம் பெஞ்சில் பக்கத்திலிருந்தவருக்குப் பெர்மிட் விஷயத்தை விளக்க ஆரம்பித்துவிட்டார்.

"நீலக் கார்டுக்காரன் மலாயாப் பிரஜை, எங்க வேணா போலாம், எப்ப வேணா வரலாம். சிவப்புக் கார்டுக்காரன் பிரஜை இல்ல, அவனுக்கு அப்படி இல்ல லா. இங்கயே இருக்கிற வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான். காலை வெளிய வச்சா, திரும்பி உள்ள வர்றதுக்கு ஒரு பெர்மிட் வேணும். அது ஒரு வருசம். தேதி முடியறதுக்குள்ள வந்துடணும், இல்ல நீட்டிக்கணும்."

"முடிஞ்சிருச்சுன்னா?"

"அதுக்கும் எழுதிக் குடுக்க ஒரு பாரம் வச்சிருப்பான்" என்றார் சிங்காரம்.

அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறவர். பறித்து வந்த கொழுந்தை அப்படியே மெஷினில் போட்டால் நொறுங்கிப்போகும். நீளமான தட்டில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, காம்பு முறியாமல் வளைகிற பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எதற்கும் ஒரு முறை உண்டு, முறை தெரிந்தால் காரியம் நடக்கும் என்பது அவர் எண்ணம். தோட்டத்து லைன் வீடுகளில் யாருக்கு எந்தப் பாரம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். எழுதிக் கொடுப்பதோடு விடமாட்டார். எந்தக் கட்டம் எதற்கு என்று கேட்கிறவர் கொட்டாவி விடும்வரை விளக்குவார்.

இப்போது வந்திருப்பது சொந்தத் தங்கச்சிக்காக. போன வருடம், எழுபத்தேழில், இராசம்மாவின் புருஷன் செல்லையாவுக்கு நெஞ்சுநோய் முற்றியது. பிறந்த மண்ணில் கண்ணை மூட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பிள்ளைகள் இல்லை. இராசம்மாதான் அவரைக் கப்பலேற்றி முசிறிப் பக்கத்துக் கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று டாக்டர் சொன்ன உயிர் பதினோரு மாதம் இழுத்தது. கருமாதி முடியாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நீட்டித்துத் தரச் சொல்லி அவள் அனுப்பிய பெர்மிட் தாள் சிங்காரத்தின் கைக்கு வந்தபோது தேதி கடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

நவமணி பழுப்பேறிய கோப்போடு திரும்பி வந்து அவரைக் கூப்பிட்டாள். இளவயதுதான், கண்ணாடி போட்டிருந்தாள். குரலில் எரிச்சல் இல்லை.

"அண்ணே, தேதி முடிஞ்சிட்டதால நீட்டிக்க முடியாது. புதுசாத்தான் கேக்கணும். வெளிநாட்டுல பொறந்தவங்களுக்கு இப்ப லேசுல குடுக்கறதில்ல."

"வெளிநாடா? அவ இங்க ரிங்லெட் பக்கம் எங்க எஸ்டேட் லைன்ல பொறந்தவ மிஸ். ஜப்பான்காரன் காலம். ஆஸ்பத்திரி கிடையாது, பொறந்ததுக்குச் சூரா எழுதித் தரவும் ஆள் கிடையாது. எங்கம்மா பிரசவத்தப்ப தண்ணி காய வச்சவனே நான்தான்."

"பிறகு ஏன் சிவப்புக் கார்டு?"

அதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. பதினெட்டு வருடமாக எல்லாருக்கும் சொல்லிவந்த பதில். "புருஷன் சிவப்பு. அதனால பொண்டாட்டிக்கும் சிவப்பு போட்டுட்டான்."

"அப்படி ஒரு சட்டமே இல்லண்ணே." நவமணி கோப்பை அவர் பக்கம் திருப்பினாள். அறுபதாம் வருடத்துப் பாரம். ஐந்தாவது கட்டத்தில் விரல் வைத்தாள். "தெம்பாட் லாஹிர். பொறந்த இடம். என்ன எழுதியிருக்கு பாருங்க. முசிறி, இந்தியா. சொன்னவங்க யாருன்னு கீழ கையெழுத்து இருக்கு."

சிங்காரம் பார்த்தார். 'சி'யைக் கொஞ்சம் பெரிதாகச் சுழித்து, கடைசி 'ம்'மின் புள்ளியை வட்டமாகப் போட்ட கையெழுத்து. அவருடையதுதான்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கார்டுக்குப் பதிய மேசை போட்டிருந்தார்கள். மலாய்க்கார அதிகாரி கேட்க, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தமிழில் சொல்ல, வரிசை நகர்ந்தது. சிங்காரத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சூரா இருந்ததால் அதைப் பார்த்தே எழுதிக்கொண்டார்கள். அடுத்தது இராசம்மா. கல்யாணமாகி இரண்டு மாதம், கழுத்தில் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. அதிகாரி ஏதோ கேட்டார். கிராணி தலை நிமிராமல், "இந்தப் பொண்ணு எந்த ஊரு?" என்றார். இராசம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் சிங்காரம் முந்திக்கொண்டார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் ஊர்தானே ஊர்? "முசிறிங்க" என்றார். தங்கச்சிக்கு ஒரு ஊர் அமைந்துவிட்ட பெருமையோடு கையெழுத்தும் போட்டார்.

"நான் சொன்னது தப்பு மிஸ். தப்புன்னு நானே எழுதித் தர்றேன். சத்தியம் பண்ணித் தர்றேன்."

நவமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அன்னைக்குச் சொன்னதும் நீங்க, இன்னைக்குச் சொல்றதும் நீங்கதான். எதை நம்புவாங்க? திருத்தணும்னா அவங்களே நேர்ல வந்து கைரேகை வைக்கணும்."

"வர்றதுக்குப் பெர்மிட் வேணுமே."

"ஆமா."

"பெர்மிட்டுக்கு இதைத் திருத்தணும்."

"ஆமாண்ணே."

சிங்காரம் கோப்பை மூடி அவள் பக்கம் தள்ளிவிட்டு அங்கேயே நின்றார். இதற்கு ஏதாவது பாரம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. பின்னால் நின்றவர் இருமினார்.

மலையேறி ரிங்லெட்டில் பஸ் நின்றபோது மணி மூன்றுதான். அதற்குள் இருட்டிக்கொண்டு மழை பிடித்திருந்தது. அபூபக்கரின் சாப்பாட்டுக் கடையில் மடித்து ஒட்டி அனுப்பும் ஏர்லெட்டரும் கிடைக்கும். ஒன்று வாங்கிக்கொண்டு மூலை மேசையில் உட்கார்ந்தார்.

"போன காரியம் ஆச்சா மாமா? தங்கச்சி எப்ப வருது?" அபூபக்கர் தேநீரை வைத்தார்.

"எழுதிக் கேக்கணும்."

"வந்தா ஒரு வாரத்துக்கு நம்ம கடைச் சாப்பாடுதான்னு சொல்லுங்க. அந்தப் பக்கத்துக் காரம் தின்னு நாக்கு செத்துப் போயிருக்கும்."

சிங்காரம் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து இராசம்மாவின் கடைசிக் கடிதத்தை எடுத்து விரித்தார். யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லியிருந்தாள்.

'அண்ணே, கொழுந்தனார் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மலாயாக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெயில் தாங்க முடியவில்லை. நான் கொழுந்து பறிக்கும் நிரையை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கங்காணியிடம் சொல்லுங்கள். ஊரில் மழை உண்டா? நான் எப்போது ஊருக்கு வருவது என்று எழுதுங்கள்.'

பேனாவைத் திறந்தார். 'தங்கச்சி இராசம்மாவுக்கு அண்ணன் எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். மழை உண்டு, மூன்று நாளாக விடவில்லை' என்று எழுதினார். அதற்குக் கீழே பேனா போகவில்லை. பெரட்டுக் களத்து மேசையை எப்படி எழுதுவது? அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைதான் வாசித்துக் காட்டும். 'உன் ஊர் எது என்று கேட்டார்கள்' என்று அது உரக்க வாசிக்கும். நடுவில் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்க்கும்.

ஏரிப் பக்கமிருந்து வந்த மூடுபனி கடைக்குள் புகுந்தது. அபூபக்கர் விளக்கைப் போட்டார். சிங்காரம் முக்கால் பங்கு வெறுமையாக இருந்த நீலத்தாளை மடித்து, பசை ஓரத்தை நாக்கால் நனைத்து, கட்டை விரலால் அழுத்தினார். அந்த ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. விரலை எடுத்ததும் ஓரம் மெல்ல எழும்பியது. மறுபடி அழுத்தினார். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேநீரின் மேல் ஆடை படிந்தது.