காலிச் சஹன்

மனம் வைத்தால் எவரும் தட்டில் சோறு மிச்சம் வைக்கமாட்டார் என்பதுதான் தனுஷியாவின் ஆய்வு. அதற்குத் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு என்று வாயில் நுழையாத பெயர் வேறு.

"முதல்ல நீங்களே ஒரு கலியாண வீட்டில செஞ்சு காட்டுங்க. காலித் தட்டுப் படம் வந்தாத்தான் ஆய்வு" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மனுஷனுக்குக் குசும்பு.

வாய்த்தது காத்தான்குடியில் தோழி இன்ஷிராவின் கலியாணம். சஹன் என்னும் பெரிய தட்டில் சோற்றையும் ஆட்டிறைச்சியையும் குவித்து நடுவில் வைக்க, பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இண்டைக்கு ஒரு பருக்கையும் மிஞ்சப்படாது. என்ட படிப்பே இதிலதான் கிடக்கு" என்று தனுஷியா கெஞ்சினாள்.

"அதுக்கென்ன புள்ள, நாங்க இருக்கம்" என்றாள் பக்கத்திலிருந்த நிஸ்றா.

இருந்தார்கள்தான். ஆனால் விருந்தாளிக்கு நல்ல துண்டைத் தள்ளிவிடுவது அவர்களுக்குக் கைவந்த பழக்கம். ஆளுக்கொரு துண்டாக இறைச்சி தனுஷியாவின் பக்கமே வந்து சேர்ந்தது. பிறகு எல்லோரும் கையை இழுத்துக்கொண்டார்கள். பாவம், அவள் தனியே மூச்சுமுட்டத் தின்று, கடைசிப் பருக்கையையும் வழித்து, இடக்கையால் போனை எடுத்தாள்.

"யா அல்லாஹ்! புள்ளைக்குச் சோறு காணல்ல!"

இன்ஷிராவின் தாய் சபூரா நெஞ்சில் கைவைத்து நின்றாள். சஹனின் அடி தெரிந்தால் அவளுக்குக் குடும்ப மானமே போனமாதிரி. படம் எடுக்குமுன்பே சோறு மலையாக விழுந்தது.

"போதும் உம்மா!"

"வெக்கப்படாதீங்க மகள்."

தனுஷியாவுக்கு அழுகையே வந்தது. அப்போதுதான் மற்றச் சஹன்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கைச்சோறு பத்திரமாக ஒதுங்கியிருந்தது. அவற்றைக் கண்டதும் சபூரா சிரித்துக்கொண்டே கடந்துபோனாள்.

"கொஞ்சம் மிச்சம் வெச்சாத்தான் விடுவாங்க எண்டு நீங்க ஏன் முதல்லயே சொல்லல்ல?" என்று தனுஷியா நிஸ்றாவிடம் சீறினாள்.

"படிப்புக்கு இன்னும் கொஞ்சம் தின்னோணுமாக்கும் எண்டு நெனச்சம் புள்ள."

இந்த முறை எல்லோரும் கைகொடுத்தார்கள். மலை கரைந்தது. சபூரா மறுபடியும் கரண்டியோடு வருவதைக் கண்டதும், தனுஷியாவின் கை தானாகவே ஒரு கைச்சோற்றை ஓரத்தில் ஒதுக்கி, மேலே ஒரு துண்டையும் வைத்தது.

"அல்ஹம்துலில்லாஹ், வயிறு நிறைஞ்சிட்டு" என்று சபூரா திருப்தியாகத் திரும்பினாள்.

தனுஷியா அந்த மிச்சத்தைப் படமெடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்:

"சேர், மனம் வெச்சன். சபூரா உம்மா விடல்ல."