சிவப்பு டப்பாத் தேயிலை

அன்பியக் கூட்டத்துக்கு ஐந்து பேர் இருந்தோம். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் பொருளாளர் ஃபிராங்க்ளின் அண்ணன். அவருக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, அவர் மனைவி பவுலின். எதிரே சோபாவின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தயார் என்பதுபோல, அல்போன்சா அக்கா. ஆஞ்சலா உட்காரவே இல்லை, சமையலறை வாசலில் நின்றாள். செயலாளராகிய நான் சாப்பாட்டு மேசையில், தாளும் பேனாவுமாக. இடம் மர்பி டவுனில் என் வீடு. ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்த கையோடு.

அன்பியம் என்பது எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சின்னக் குழு. கோவில் திருவிழா அன்று வருகிறவர்களுக்கு டீயும் மத்தியானச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. செலவு கோலார் தங்கவயலில் இருக்கும் நோயல் ஐயாவுடையது. சமையல் அல்போன்சா அக்காவுடையது. வருஷம் முழுக்க ஒரு கம்பெனி கேன்டீனில் யாரோ எழுதி ஒட்டியதைச் சமைக்கிறவர் அவர். திருவிழா ஒரு நாள்தான் அவர் இஷ்டத்துக்கு அடுப்பு எரியும்.

அந்த அடுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. ஃபிராங்க்ளின் அண்ணன் நோயல் ஐயாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டார். அக்கா நல்ல கம்பெனிச் சரக்கை விட்டுவிட்டு, சூப்பர் மார்க்கெட்காரன் தன் கடைப் பேரையே போட்டு விற்கிற மலிவுப் பாக்கெட்டுகளை வாங்குகிறார், டீயில் ருசியே இல்லை என்று. ஐயாவுக்குக் காது கேட்காது, அதனால் போனில் பேசுவதில்லை. எனக்குக் கடிதம் வந்தது: விசாரித்து எழுதவும், உண்மையானால் சமையலைக் கேட்டரிங்காரரிடம் ஒப்படைக்கவும்.

எப்படி விசாரிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது வழி சொன்னவள் ஆஞ்சலா. எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறவள். எது எந்தச் சரக்கு என்று தெரியாமல் ருசி பார்க்க வேண்டும் என்றாள். பாத்திரத்துக்கு அடியில் அண்ணன் சரக்குக்குச் சிவப்புக் காகிதம், அக்கா சரக்குக்குப் பச்சை. கடைச் சரக்கை அக்கா கொண்டுவர வேண்டும். கம்பெனிச் சரக்கைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவருவதாக அண்ணன் சொன்னார். வேறு எங்கே வாங்கினாலும் டூப்ளிகேட் வந்துவிடுமாம். அப்படியே ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்து, எல்லாவற்றுக்கும் மேலாக டீத்தூள் டப்பாவை மேசை நடுவில் வைத்தார். டிவி விளம்பரத்தில் குடும்பமே சிரிக்குமே, அந்தச் சிவப்பு டப்பா.

முதலில் துவரம்பருப்பு. இரண்டையும் வேகவைத்து உப்பு மட்டும் போட்டு வைத்தாள் ஆஞ்சலா. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பருப்பு பருப்புதான் என்று அண்ணனே பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

அடுத்தது கட்லெட்டுக்கான தக்காளி சாஸ். இதில் அக்கா கட்சி படுத்துவிட்டது. கடைச் சாஸ் சர்க்கரைப்பாகில் சிவப்புச் சாயம் கலந்ததுபோல் இருந்தது. நானும் ஆஞ்சலாவும் முகத்தைச் சுளித்தோம். அக்கா ஒரு சொட்டு நக்கிப் பார்த்து, இதை நானே என் பிள்ளைகளுக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு, எழுதிக்கோ ஜெயராஜ் என்றார். எழுதிக்கொண்டேன்.

ஆளுக்கொரு வெற்றிகூட இல்லை. ஒன்று சமம், ஒன்று அண்ணனுக்கு. மிச்சமிருந்தது டீ. அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பவுலின் மட்டும் ஏனோ வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஆஞ்சலா ஆளுக்கு இரண்டு டம்ளர் வைத்தாள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தது. அக்காவும் தெரியலையே என்று உண்மையைச் சொன்னார். அண்ணன் கண்ணை மூடி முதல் டம்ளரை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது. இரண்டாவதை உறிஞ்சியதும் சுருங்கியது.

"இதுதாம்ப்பா டீ. தோட்டத்து வாசனை அப்படியே மூக்குல ஏறுது. அது இன்னாது, பாத்திரம் கழுவுன தண்ணியா?"

ஆஞ்சலா முதல் டம்ளரைத் தூக்கி அடியைக் காட்டினாள். பச்சை.

அண்ணன் டம்ளரை வாங்கி, அந்தக் காகிதத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்புறம் அண்ணன் வெடித்தார். காகிதத்தை மாற்றி ஒட்டிவிட்டாள் இந்தப் பெண், அல்போன்சாவோடு சேர்ந்துகொண்டு சும்னே நாடகம் ஆடுகிறாள் என்றார். ஆஞ்சலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா எழுந்துவிட்டார். அந்தப் பிள்ளையை ஒன்றும் சொல்லாதீங்க, கேட்டரிங்காரனுக்கே கொடுத்துடுங்க என்று செருப்பைத் தேடினார்.

அப்போதுதான் பவுலின் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை. கைக்குட்டையை மீறி, மூக்கு வழியாக, தோள் குலுங்க. நிறுத்தப் பார்த்து, முடியாமல், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் ஒன்னும் மாத்தலைங்க. ரெண்டும் ஒரே டீதான். போன தவக்காலத்துல இருந்து அந்தச் சிவப்பு டப்பாவுல அல்போன்சா வாங்குற டீத்தூளைத்தான் கொட்டி வச்சிருக்கேன்."

எந்த வீட்டில்தான் டப்பாவும் உள்ளிருப்பதும் ஒன்று. என் வீட்டிலேயே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு இருக்கிறது. ஆனால் அண்ணனுக்கு அது தோன்றவேயில்லை.

"தினம் காலைல குடிச்சுட்டு, கம்பெனி டீன்னா கம்பெனி டீதான்னு சொல்வீங்க," என்றார் பவுலின், கண்ணைத் துடைத்தபடி. "நல்லாத்தானே இருக்குது, சொல்லி எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். அரை கிலோவுக்கு நூறு ரூபா கிட்ட மிச்சம்."

அக்கா செருப்பை விட்டுவிட்டு சோபாவில் விழுந்தார். இந்தமுறை நுனியில் இல்லை. ஆஞ்சலா கண்ணீரோடேயே சிரிக்க ஆரம்பித்தாள். என்னால் பேனா பிடிக்க முடியவில்லை.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. விசாரணையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"பருப்பு?"

"அதுவும் கடைப் பாக்கெட்தான்."

"சாஸு?"

"சாஸ் மாத்தலைங்க. அது எனக்கே பிடிக்கல."

அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மெதுவாக, ஏதோ பயந்தவர்போல, கன்னத்தைத் தொட்டார்.

"ஷேவிங் கிரீம்?"

பவுலின் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாராலும் நேராக உட்கார முடியவில்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும் மாதாவே என்றார். கடைசியில் அண்ணனின் மீசையும் ஆடத் தொடங்கியது. பாத்திரம் கழுவின தண்ணி என்றாரே, அந்த டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்து வைத்தார்.

"மன்னிச்சிடும்மா ஆஞ்சலா," என்றார். "நீயும்தான் அல்போன்சா."

அதன் பிறகு கடிதம். நான் எழுத, நாலு பேரும் தலைக்கு மேல் நின்று திருத்தினார்கள். டீயும் பருப்பும் கடைச் சரக்கே போதும், குணத்தில் குறைவில்லை என்று எழுதினேன். சாஸ் மட்டும் கம்பெனிச் சரக்காக வாங்க வேண்டும் என்று சேர்க்கச் சொன்னது அக்கா. தோற்றதை மறைத்து ஜெயித்ததை மட்டும் எழுதினால் ஐயா நம்பமாட்டார் என்றார். சமையல் அல்போன்சாவிடமே இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஃபிராங்க்ளின் என்று அண்ணனே சொல்லி எழுதவைத்தார். ஷேவிங் கிரீம் பற்றி ஒரு வரி போடலாமா என்று பவுலின் கேட்டார். அண்ணன் தாளைப் பிடுங்கி, நான்காக மடித்து, உறைக்குள் திணித்து, கோந்தை வழிய வழியத் தடவி ஒட்டினார்.

தெருமுனைத் தபால்பெட்டிக்கு ஐந்து பேருமே போனோம். போடும் உரிமை அல்போன்சா அக்காவுக்கு. அவர் உறையை உள்ளே விட்டு, அது விழும் சத்தம் கேட்கிறதா என்று பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். கேட்டது என்று தலையாட்டினார்.