டீச்சரும் ஒரு நாற்காலியும்

தையல் கடைக்கு மேலே உள்ள கூடத்தில் காலை வகுப்பு தொடங்கிவிட்டது. ரப்பர் டீச்சர் நெற்றியை முழங்காலில் ஒட்டவைத்துக்கொண்டு, அந்த நிலையிலேயே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். நினைத்த பக்கமெல்லாம் உடம்பு வளையும் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

கதவருகே சீருடையில் ஒரு பெண் வந்து நின்றார். பேருந்து ஓட்டுகிறவர், நல்ல பருமன்.

“டீச்சர், நானும் சேரலாமா? வண்டி ஓட்டி ஓட்டி முட்டி போயிடுச்சு. தரையில உக்காந்தா எழுந்திருக்க முடியல. ஒரு நாற்காலி போட்டுக்கிட்டுச் செய்யட்டுமா?”

“நாற்காலியா? இங்க யோகா சொல்லித்தரோம்மா, படம் காட்டல. முதல்ல உடம்பைக் குறைச்சிட்டு வாங்க, பார்க்கலாம்.”

வகுப்பே சிரித்தது. ஓட்டுநரும் சேர்ந்து சிரித்தார். படியிறங்கும்போது அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. உடம்பைச் சரிசெய்துகொள்ளத்தான் ஒருவர் வருகிறார். அவரிடமே உடம்பைச் சரிசெய்துகொண்டு வா என்கிறோம். என்ன நியாயமோ!

சில மாதங்கள் கழித்து டீச்சர் கட்டிலுக்கடியில் போய்விட்ட ஒற்றைச் செருப்பை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தலைகீழாக நின்றபோதெல்லாம் ஒன்றும் ஆகாதவரை ஒரு செருப்பு சாய்த்துவிட்டது. இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது, இனிமேல் தரையில் மடங்கி உட்காரவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் செய்தால் தப்பில்லை என்றும் சொன்னார்.

டீச்சர் அன்று முழுக்க அழுதார். மறுநாள் கணவர் சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு, “ரப்பருக்கு ஆசனம் தயார்” என்றார். டீச்சர் கோபத்தோடுதான் உட்கார்ந்தார். மூச்சை இழுத்தபடி கைகளைத் தூக்கினார், மெல்ல இடுப்பைத் திருப்பினார். நாளாக ஆக வலி விட்டுக்கொடுத்தது. ஒரு காலையில் சுவரைப் பிடிக்காமலே ஜன்னல்வரை நடந்துவிட்டார். “ஏங்க, இங்க வாங்களேன்!” என்று அவர் போட்ட கூச்சலில் கணவர் கரண்டியோடு ஓடிவந்தார். இருவரும் குழந்தைகள்போலச் சிரித்தார்கள்.

டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். ஆனால் நாற்காலி விஷயத்தை மூடி மறைத்துவிட்டார். “என்னைப் பார்த்துச் செய்யாதீங்க, கேட்டுச் செய்யுங்க. அதுதான் உயர்ந்த பயிற்சி” என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். மாணவர்கள் அதை ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

“வீட்டுல நாற்காலி, வெளியில ரப்பர். எத்தனை நாளைக்கு?” என்று கேட்டார் கணவர்.

“தெரிஞ்சா ஒருத்தரும் வரமாட்டாங்க. இந்த வகுப்பு இல்லாம நான் என்னங்க பண்ணுவேன்?”

அன்று மாலை பேருந்தில் ஏறக் காலைத் தூக்கியவருக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை. ஒருவழியாக ஏறி நிமிர்ந்தால், ஓட்டுநர் இருக்கையில் அதே பெண். உள்ளே யாரோ “சீக்கிரம் எடும்மா!” என்றார்கள்.

“எல்லாரும் உக்காந்தப்புறம்தான் வண்டி கிளம்பும்” என்றார் ஓட்டுநர். பிறகு டீச்சரைப் பார்த்து, “உக்காருங்க டீச்சர். நம்மகிட்ட நாற்காலிக்குப் பஞ்சமே இல்ல” என்றார்.

டீச்சர் முகத்தில் அசடு வழிந்தது. ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கையிலேயே உட்கார்ந்தார். கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியானதும் எழுந்து பக்கத்தில் வந்தார். “அன்னைக்கு உங்களை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. இப்போ நானே நாற்காலியிலதான் செய்றேன். நாளைக்கு வகுப்புக்கு வாங்க.”

ஓட்டுநர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சொன்னார்: “வரேன். ஆனா அத்தனை பேர் நடுவுல நான் மட்டும் நாற்காலியில உக்காந்தா வேடிக்கைப் பொருளாயிடுவேன். நீங்களும் உக்காரணும். சம்மதமா?”

டீச்சர் சரியென்று தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை ஓட்டுநர் கதவருகே நின்றார். தையல்காரரிடம் கேட்டு வாங்கிய இரண்டு நாற்காலிகள் கூடத்தின் முன்பக்கத்தில் இருந்தன. எல்லோருடைய கண்ணும் டீச்சர்மேல். அவர் போனால் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

“என்னால இனிமே தரையில உக்கார முடியாது. என்னைச் சரியாக்கினது இந்த நாற்காலிதான். பிடிக்காதவங்க போகலாம்.”

யாரும் அசையவில்லை. முன்வரிசையில் எப்போதும் நிமிர்ந்து உட்காரும் வங்கி ஊழியர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“டீச்சர், எனக்கும் ஒண்ணு கிடைக்குமா? முதுகு உயிர் போகுது. நீங்க திட்டுவீங்கன்னு பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்.”

“எனக்கும்!” என்றது பின்வரிசை. கூடத்தில் ஒரே சிரிப்பு. கீழேயிருந்து நாற்காலிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. “அப்போ நான் நின்னுக்கிட்டா தைக்கிறது?” என்று கத்திய தையல்காரர், கடைசி நாற்காலியைத் தானே தூக்கிவந்து அதில் உட்கார்ந்தும்விட்டார்.

டீச்சர் ஓட்டுநரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய அதட்டல்தான்.

“எல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க. உடம்பு வளையறவங்களுக்கு மட்டும் சொல்லித்தந்தா அது என் பெருமையைக் காட்டிக்கிறதுதான், யோகா இல்ல. வர்ற உடம்பு எப்படி இருந்தாலும் அதுக்கு இடம் கொடுக்கணும். எல்லாரும் உக்காந்தாச்சா?”

“உக்காந்தாச்சு!”

“அப்போ வண்டியை எடுக்கலாம். மூச்சை இழுங்க.”