பயந்தவன் கொடுத்த ரத்தம்

என் மனைவி மலேரியாக் கிருமிகளைப் போஷிக்கிறவள். ஆய்வுக்கூடத்தில், உடம்புச் சூட்டில் வைத்த குடுவைகளுக்குள், மனித ரத்தத்தில் அவற்றை வளர்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் புது ரத்தம் ஊற்றிவிட்டு வருவாள். கட்டின புருஷனுக்கு வேளை தவறலாம், கிருமிக்குத் தவறக்கூடாது.

எட்டு மாதம் பாடுபட்டு அவள் வளர்த்த கிருமி வகை ஒன்று. வேறெங்கும் கிடையாது. உறைய வைத்திருந்த இருப்பும் குளிர்பெட்டி கெட்டதில் போய்விட்டது. மிச்சம் மூன்று குடுவை. அந்த வாரம் பார்த்து ரத்த வங்கி கையை விரித்தது.

“ஓ வகை ரத்தந்தானே வேணும்? நான் தர்றேன்” என்றேன். ஜவுளிக்கடைக்காரன் நான், ஒரு முழத் துணியைக்கூடப் பேரம் பேசாமல் கொடுத்ததில்லை. ரத்தத்தைக் கேட்ட அளவுக்குக் கொடுத்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்தாள்.

“ரெண்டு குடுவை செத்துப்போச்சு. மூணாவது இழுத்துக்கிட்டிருக்கு. என் கைசுத்தம் சரியில்லையாம். சாயங்காலத்துக்குள்ள ப்ளீச் ஊத்திக் கொட்டச் சொல்லிட்டார் தராசு.”

தராசு அவளுடைய மேலதிகாரி. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துத்தான் பேசுவார்.

“ஒரு மாத்திரை விஷயம் சொல்லணும்” என்றேன்.

“என்ன மாத்திரை?”

“மலேரியா வராம இருக்க. வாரத்துக்கு ஒண்ணு.”

“எத்தனை நாளா?”

“கல்யாணம் ஆனதுலேருந்து.”

ஆறு வருஷம். அவள் என்னைப் புதுசாகப் பார்த்தாள்.

“குடுவையிலேருந்து தாவி வர அதென்ன தவளையா? ஊசி குத்தறப்போ மருந்து ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டேனே.”

“உன்கிட்ட போய் எப்படிச் சொல்றது? மானம் போயிடுமே.”

“இப்ப என் பிள்ளைங்க உசிரு போகுது.”

அதற்குள் ஃபோனை எடுத்துவிட்டாள். “சார், கொட்ட வேண்டாம். தப்பு என் கையில இல்ல, புருஷன்கிட்ட இருக்கு.”

அந்தப் பக்கம் தராசு நிறுக்காமல் சிரித்தது எனக்கே கேட்டது. அவரும் ஓ வகைதான். என் ரத்தத்தை வடித்துவிட்டு அவருடையதை ஊற்றினார்கள்.

ஒரு வாரம் கழித்து என்னை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தாள். சாயமேற்றிய ரத்த அணுவுக்குள் ஒற்றைக்கல் மோதிரம் மாதிரி ஒரு கிருமி. பக்கத்தில் இன்னொன்று.

“பிழைச்சுக்கிச்சா?”

“பெருகுது. பையில இருக்கறதைக் குடுங்க.”

“எதை?”

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. மாத்திரை அட்டையை எடுத்தேன்.

“பாதி நான் வெச்சுக்கறேனே?”

“முழுசா.”

கொடுத்துவிட்டேன்.